ஸ்னோவில் கார் ஓடுவது பற்றி வெள்ளவத்தையில் என்னை மறித்து வைத்துக் கேட்கும் கேள்விகள்

நான் 2007இல் ரொறன்ரோவுக்குப் போனேன், 2019இல் அம்மாவோடு இருக்கவென்று கொழும்புக்குத் திரும்பி வந்தேன். இடையில் பன்னிரண்டு பனிக்காலம். முதல் ஐந்து வருடம் விடியப்புறம் வீடு வீடாகப் பேப்பர் போடுகிற வேலை, பிறகு ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. இரண்டுமே ஊர் போர்வைக்குள் கிடக்கிற நேரத்தில் றோட்டில் நிற்க வைக்கிற வேலைகள். இப்போது வெள்ளவத்தையில் யாருடைய பிள்ளைக்குக் கனடா விசா வந்தாலும் கோயிலிலோ மரக்கறிக் கடையிலோ என்னை மறித்து இதைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலை வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பி அலுத்துப்போச்சு. எழுதி வைத்துவிட்டால் இனிக் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கலாம்.

அண்ணா, ஸ்னோவில கார் ஓடுறது எப்பிடி இருக்கும்?

எந்த ஸ்னோ என்று முதலில் சொல்லுங்கள். நமக்கு எல்லாமே பனிதான். காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஹப்புத்தளையில் றோட்டை மறைப்பதும் பனி. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்கே எழுதி வைத்த ஆட்கள் நாங்கள், ஆனால் ஒருவரும் அதை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியதில்லை. கனடாவில் எங்கட ஆக்கள் பேசாமல் ஸ்னோ என்றே சொல்லிவிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நல்ல குளிரில் விழுகிற ஸ்னோ அரித்து வைத்த அரிசிமா மாதிரி, ஊதினால் பறக்கும். அதில் ஓடுவது அவ்வளவு கஷ்டமில்லை. பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும்போது விழுவது பிட்டுக்குக் குழைத்த மா மாதிரி, கட்டி கட்டியாக, ஈரமாக, பாரமாக. அது சில்லைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்கும். உப்பு பட்டுக் கரைந்தது சாம்பல் நிறச் சேறு. ஆனால் ஆளை விழுத்துவது இந்த மூன்றும் இல்லை. சந்திகளில் எல்லாக் காரும் பிரேக் பிடித்து நின்று, சில்லைச் சுற்றவிட்டுப் புறப்படும். அந்தச் சூட்டில் மேல்பக்கம் கொஞ்சம் உருகித் திரும்ப உறையும். ஒரு மணித்தியாலம் போக அந்த இடம் மெழுகு பூசிய சீமெந்துத் தரை மாதிரி மினுங்கும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் எதுவோ, அதுதான் அதிகம் வழுக்குகிற இடம்!

முதல் நாள் பயமாக இருந்ததா?

பயப்பட நேரம் கிடைக்கவில்லை. 2007 கடைசியில், 1996ஆம் ஆண்டு கொரோலா ஒன்றைக் கைமாற்றாக வாங்கி மோர்னிங்சைட் பக்கம் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். விடியப்புறம் நாலு மணி இருக்கும். சரிவான ஓர் உட்தெரு, கீழே நிறுத்தல் பலகை. முப்பதில்தான் வந்தேன். கொழும்பில் மிதிக்கிற மாதிரியே பிரேக்கை மிதித்தேன், நாலு சில்லும் இறுகி நின்றது, கார் நிற்கவில்லை.

இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த அமைதிதான். சறுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. ரயர் கத்துகிற சத்தம், கல் அரைபடுகிற சத்தம், ஒன்றுமே இல்லாமல் யாரோ பின்னால் நின்று மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி, ஆள் நடக்கிற வேகத்தில், கார் சந்தியைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், அது தன்பாட்டில் திரும்புகிறது, கார் தன்பாட்டில் போகிறது. பின்சீற்றில் அடுக்கி வைத்த பேப்பர்கள் ஒவ்வொன்றாக என் தோளுக்கு மேலால் முன்னுக்கு வழுக்கி வருகின்றன. கடைசியில் நடைபாதைக் கல்லில் முன்சில்லு முட்டி, குப்பை பிரித்துப் போடுகிற நீலப் பெட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது.

அந்த வீட்டு வயசாளி கதவைத் திறந்து வெளியே வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னையும் பார்த்து, காரையும் பார்த்து, கையை நீட்டி, அன்றைய பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நல்ல மனுசன்.

சரி, சறுக்கினால் என்ன செய்ய வேணும்?

சறுக்காமல் ஓடுவதுதான் முக்கால்வாசி வேலை. முன்னால் போகிற காருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள இடத்தை மூன்று மடங்காக்குங்கள். ஐஸில் காரை நிறுத்த உலர்ந்த றோட்டை விடப் பத்து மடங்கு தூரம்கூடத் தேவைப்படலாம். பிரேக், எக்சிலேட்டர், ஸ்டியரிங் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ரயருக்குக் கிடைக்கிற பிடி கொஞ்சம்தான், அதைத் திரும்பவும் நிற்கவும் பங்கு போட்டால் இரண்டுமே நடக்காது. முதலில் வேகத்தைக் குறை, பிறகு திருப்பு. இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குவது நம்முடைய மலையக லொறிச் சாரதிகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, கடுகண்ணாவையில் அவர்கள் செய்கிற அதே வேலைதான்.

அதையும் மீறிச் சறுக்கினால், பிரேக்கிலிருந்தும் எக்சிலேட்டரிலிருந்தும் காலை எடுங்கள். போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெதுவாகப் பிடியுங்கள். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவீர்கள், கை கண்ணுக்குப் பின்னால் போகிற சாமான். நிறுத்தியே ஆகவேண்டிய நிலைமை என்றால், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் காலுக்குக் கீழே டக்டக்கென்று துடிக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் கனபேர். அது உடைகிற சத்தமில்லை, வேலை செய்கிற சத்தம். என்னுடைய பழைய கொரோலாவில் ஏபிஎஸ் இல்லை, விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

இதையெல்லாம் வாசித்து வராது. முதல் ஸ்னோ கொட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றுக்குப் போய், இருபதில் ஓடி, வேண்டுமென்றே பிரேக்கை அமத்திப் பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வின்ரர் ரயர் உண்மையிலேயே தேவையா, இல்லாட்டிக் காசு பிடுங்கிறாங்களா?

தேவை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. சாதாரண ரயரின் இறப்பர் ஏழு பாகைக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்கும், ஸ்னோ விழ வேண்டும் என்றே இல்லை. வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் மெதுமையாக இருக்கும், மேலே சின்னச் சின்னக் கீறல்கள் நிறைய இருக்கும், அதுதான் ஐஸைப் பிடிப்பது. ரயரின் பக்கவாட்டில் மூன்று முனை மலை, அதற்குள் ஸ்னோப் பூ ஒன்று, அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே உண்டு, போடாவிட்டால் தண்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016இலிருந்து வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் தாங்களாகத் தந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு மட்டும் வாங்கி முன்சில்லுக்குப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்கிறவருக்கு, வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வரும். நாலும் ஒரே மாதிரிப் போடுங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் ஒரு கராஜில் நாலு பழைய வின்ரர் ரயர் மலிவாக வாங்கினேன். ரயரின் பூ, அதாவது றோட்டில் படுகிற பக்கத்தில் வெட்டியிருக்கிற வரிகள், அப்படியே ஆழமாக இருந்தது, புதுசு மாதிரி. அந்த வருடம் முழுக்க கார் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. நான் என் ஓட்டத்தில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த பருத்தித்துறை அண்ணர் ஒருவர் ஒருநாள் டோர்ச் அடித்து ரயரின் ஓரத்தைக் காட்டினார். உற்பத்தித் திகதி அங்கே இலக்கமாக இருக்கும்: 3608 என்றால் 2008ஆம் ஆண்டின் 36ஆவது கிழமை. என் ரயரில் மூன்று இலக்கம்தான் இருந்தது. மூன்று இலக்கம் என்றால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. பூ தேயவில்லை, ஆனால் இறப்பர் காய்ந்து பலகையாகிவிட்டது. இந்த இலக்கம் பார்க்கிற பழக்கம் கொழும்பில் பாவித்த ரயர் வாங்கும்போதும் உதவும். அப்படி வாங்குகிறவர்கள் இங்கேயும் குறைவில்லையே.

நாலு சில்லும் இழுக்கிற ஜீப் வாங்கினால் பிரச்சினை இல்லைத்தானே?

புறப்படுவதற்குப் பிரச்சினை இல்லை. நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது, ஜீப்புக்கு ஐந்தாவது ஒன்று தருவதில்லை. பள்ளத்துக்குள் விழுந்து கிடக்கிற வாகனங்களில் ஜீப்புகளை நிறையக் கண்டிருக்கிறேன்.

கண்ணாடியில ஐஸ் பிடிச்சால் சுடுதண்ணி ஊத்தலாமா?

இதற்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது. அம்மா 2011 ஜனவரியில் என்னைப் பார்க்க வந்திருந்தா. நான் கையுறை இல்லாமல் கண்ணாடியைச் சுரண்டுகிறதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவ, கேத்தல் நிறையத் தண்ணி கொதிக்க வைத்து, செருப்போடு வெளியே வந்து, நான் திரும்பிப் பார்க்க முதல் முன்கண்ணாடியில் ஊற்றிவிட்டா. ஒரு சின்ன 'டிக்'. பிறகு ஒரு கோடு, சாரதிப் பக்க மூலையிலிருந்து புறப்பட்டு ஆறுதலாக மற்ற மூலை வரைக்கும் போனது. நாங்கள் இரண்டு பேரும் அது போய் முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். "நான் உதவிக்குத்தானே செய்தனான்" என்று இன்றைக்கும் சொல்லுவா. கண்ணாடி மாற்ற அந்தக் கிழமைச் சம்பளம் போனது.

ஊற்றாதீர்கள். வெடிக்காமல் தப்பினாலும் ஊற்றின தண்ணி கீழே ஓடிக் கதவிலும் வைப்பரிலும் உறையும். காரை ஸ்டார்ட் பண்ணி, முன்கண்ணாடிக்குச் சூடு அடிக்கவிட்டு, அந்த நேரத்தில் தூரிகையால் ஸ்னோவைத் தள்ளுங்கள். கூரையையும் சேர்த்து! கூரையில் ஒரு மெத்தை அளவுக்கு ஸ்னோவை விட்டுவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. நெடுஞ்சாலையில் அது அப்படியே பறந்து பின்னால் வருகிறவன் முகத்தில் விழும், அல்லது நீங்கள் பிரேக் பிடிக்கும்போது முன்னுக்குச் சரிந்து உங்கள் கண்ணையே மூடும். பிறகு சுரண்டியால் ஐஸ். லைற்றுகளையும் துடையுங்கள். இரவே ஸ்னோ வரும் என்று தெரிந்தால் வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்தி வையுங்கள், காலையில் தெரு முழுக்கக் கார்கள் கையைத் தூக்கிச் சரணடைந்த மாதிரி நிற்கும்.

இதெல்லாம் பதினைந்து, இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்துக்கு ஒரு முதலாளியும் சம்பளம் தருவதில்லை.

ஏன் றோட்டில உப்புப் போடுறாங்கள்?

தண்ணி உறைகிற பாகையை உப்பு கீழே இறக்கும், அவ்வளவுதான். ஆனையிறவில் விளைகிற அதே உப்பு, ஆனால் அங்கே நிலத்துக்கடியில் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கிற கல்லுப்பு. மைனஸ் பத்து, பன்னிரண்டுக்குக் கீழே போனால் உப்புக்குச் சோம்பல் பிடித்துவிடும், அப்போது மணல் தூவுவார்கள். உப்பு றோட்டுக்கு நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் கெட்டது. காரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும், சப்பாத்தில் வெள்ளைக் கோடு படியும், கழுசான் காலெல்லாம் வெள்ளை. மார்ச்சில் ஒரு முறையாவது அடிப்பக்கத்துக்குத் தண்ணி அடித்துக் கழுவுங்கள். நான் கழுவாமல் விட்டு, ஒரு காரில் காலுக்குக் கீழே றோட்டைப் பார்த்தவன்.

பிளக் ஐஸ் எண்டால் கறுப்பு ஐஸா?

கறுப்பே இல்லை, நிறமே இல்லை. கண்ணாடி மாதிரி மெல்லிசாக உறைந்த தண்ணி, கீழே உள்ள தார் தெரிவதால் அந்தப் பெயர். பாலங்களில் முதலில் பிடிக்கும், ஏனென்றால் பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. மற்ற றோட்டுக்கு அடியிலிருந்து வருகிற கொஞ்சச் சூடும் அதற்கு இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: றோட்டு நனைந்த மாதிரித் தெரியும், ஆனால் முன்னால் போகிற காரின் சில்லிலிருந்து ஒரு துளி தண்ணியும் தெறிக்காது. அதைக் கண்டால் ஒன்றும் செய்யாதீர்கள். மெதுவாகக் காலை எடுங்கள், நேரே போங்கள்.

உங்களுக்கு மிச்சம் எரிச்சல் தந்தது எது?

இரண்டு. ஒன்று, ஸ்னோ தள்ளுகிற நகரசபை வண்டி. நீங்கள் காலை ஐந்து மணிக்கு எழும்பி, வீட்டு வாசலிலிருந்து றோட்டு வரைக்கும் நாற்பது நிமிடம் அள்ளி, முதுகை நிமிர்த்தி, ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று உள்ளே போவீர்கள். அந்த நேரம் பார்த்து நீல லைற்றை மின்னிக்கொண்டு வண்டி வரும். றோட்டிலிருக்கிற ஸ்னோ முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஓரம் என்றால் எது? உங்கள் வாசல். முழங்கால் உயரத்துக்கு, உப்பும் சேறும் கல்லும் கலந்து, அரை மணித்தியாலம் விட்டால் கொங்கிறீற் ஆகிவிடுகிற ஒரு வரம்பு. சில பகுதிகளில் அதையும் நகரசபையே வழித்துத் தரும் என்றாலும், வேலைக்குப் போக வேண்டிய நேரத்துக்கு வரவேண்டுமே. சாரதி பாவம், அவர் வேலையைத்தான் செய்கிறார், தெரியும். எண்டாலும் பன்னிரண்டு வருடமும் அந்த வண்டியைப் பார்த்துத் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் றோட்டில் அதை முந்தாதீர்கள், அதற்கு முன்னால் உள்ள றோட்டு அது இன்னும் தொடாத றோட்டு.

இரண்டாவது, கண்ணாடி கழுவுகிற தண்ணி. கொழும்பில் குழாய்த் தண்ணியை ஊற்றிவிட்டுப் போவோம். அங்கே மைனஸ் நாற்பது வரைக்கும் உறையாத நீல நிறத் திரவம் விற்பார்கள், அது ஒரு புயல் நாளில் போத்தல் கணக்கில் போகும். ஒருமுறை 401 நெடுஞ்சாலையில், மாலை நாலு மணிக்கு, இறங்குகிற சூரியன் நேரே முகத்தில் (டிசம்பரில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும்), முன்னால் ஒரு பெரிய லொறி, அது தெறிக்கிற உப்புச் சேறு முழுக்க என் கண்ணாடியில். விசையை அமத்தினால் ஒன்றும் வரவில்லை, முடிந்துவிட்டது. வைப்பர் அந்தச் சேற்றை அழகாகக் கண்ணாடி முழுவதும் பூசிவிட்டது. சூரிய வெளிச்சத்தில் அது பால்வெள்ளைத் திரை. ஷட்டரை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, நூறில் போகிற வாகனங்களுக்கு நடுவில், வெளியேறுகிற பாதை வரைக்கும் ஓடினேன். அங்கே நிறுத்திக் குடிக்கிற தண்ணிப் போத்தலைக் கண்ணாடியில் ஊற்றினேன், ஊற்றின இடத்திலேயே உறைந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

ரொறன்ரோவில ஆமி வந்து ஸ்னோ அள்ளினது உண்மையா?

உண்மை, 1999 ஜனவரி. ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்துக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லி ரொறன்ரோவைப் பகிடி பண்ணுவார்கள். நான் அப்போது அங்கே இல்லை. பேப்பர் வேலையில் எனக்கு முந்தி இருந்த ஒருவர் சொன்னார்: அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து அப்போது மூன்று வருடம்தான். காலையில் கதவைத் திறக்க, தெருமுனையில் ஆமி வண்டி. சீருடைக்காரர் இறங்கி வருகிறார்கள், கையில் சவள். அவருடைய கை தன்பாட்டில் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியதாம்.

நான் கண்டது 2013 டிசம்பர் 21, 22. அது ஸ்னோ இல்லை, உறைமழை. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் ஐஸாகிறது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் இரவு முழுக்க வெடி மாதிரி முறிந்தன, ரொறன்ரோவில் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, நத்தார் அன்றும் கனவீடுகள் இருட்டில். என் காரைச் சுற்றி ஒரு விரல்கடை ஐஸ், கதவுப் பிடி அதற்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்த நகை மாதிரி. உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் திறந்தேன், போன் சார்ஜ் பண்ணவும் கொஞ்சம் சூடு காயவும். அப்படிச் செய்வதென்றால் காரை வெளியே நிறுத்திச் செய்யுங்கள். மூடின கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் புகையில் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, ஆளை முடித்துவிடும். ஸ்னோவுக்குள் கார் புதைந்து நின்றாலும் புகைக்குழாயைச் சுற்றி அள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

காரில என்னென்ன வைச்சிருக்க வேணும்?

சின்னச் சவள், சுரண்டி, தூரிகை, போர்வை, டோர்ச், பற்றரிக்கு மின்சாரம் கொடுக்கிற கேபிள், கழுவுகிற திரவம் இரண்டு போத்தல், ஒரு பை மணல். மணல் இல்லாவிட்டால் பூனை மலம் கழிக்கப் போடுகிற மண் இருக்கிறதே, அதைச் சுழல்கிற சில்லுக்குக் கீழே கொட்டினால் பிடிக்கும். அதுவும் இல்லாத ஒருநாள் என் நண்பர் டிக்கியில் கிடந்த அரிசி மூட்டையைப் பிரிக்கலாமா என்று கேட்டார். பிரிக்கவில்லை. காலுக்குக் கீழே போடுகிற விரிப்பை எடுத்துப் போட்டோம்.

பெற்றோல் அரைத்தாங்கிக்குக் கீழே போக விடாதீர்கள். மைனஸ் 18 அளவில் பற்றரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், எஞ்சின் ஒயிலோ தடித்துப்போய் நிற்கும், மூன்று வருடத்துக்கு மேலான பற்றரி என்றால் நவம்பரிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். குளிர ரயர்க் காற்றும் இறங்கும். வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: அங்கே காரின் முன்பக்கத்திலிருந்து மின்வயர் தொங்கும், தரிப்பிடங்களில் பிளக் இருக்கும். மின்சாரக் கார் இல்லை அது, எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற ஹீற்றர்.

மின்சாரக் கார்?

ஓடும். ஆனால் ஒரு சார்ஜில் போகிற தூரம் குளிரில் நன்றாகக் குறையும், ஹீற்றரும் அதிலிருந்துதான் தின்னும். கொழும்பில் நிசான் லீஃப் மின்சாரக் கார் ஓடின கணக்கை அங்கே போடாதீர்கள்.

இலங்கை லைசன்ஸில அங்க ஓடலாமா?

ஒன்ராறியோவில் குடியேறினால் முதல் 60 நாள் ஓடலாம். பிறகு எழுத்துச் சோதனை, றோட்டுச் சோதனை. இங்கே எத்தனை வருடம் ஓடினீர்கள் என்று அத்தாட்சி கொண்டு போனால் காத்திருக்கிற காலம் குறையும், அதை இங்கிருந்து புறப்பட முதலே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும் என்பதையும் ஸ்னோவையும் ஒரே மாதத்தில் பழகாமல், ஏலுமானால் கோடையில் போய் இறங்குங்கள்.

எங்கட நாட்டில ஸ்னோ விழுமா மாமா?

இல்லை மருமகன். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லிலும் தேயிலையிலும் உறைபனி படியும், தேயிலைக் கொழுந்து கருகும். எல்லாரும் போனில் படம் எடுத்து ஸ்னோ என்று போடுவார்கள். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான், அதிலும் விழுவதில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்தக் குளிருக்குத்தான். மைனஸ் 25இல் அந்தப் பழமொழியைச் சொன்னால் பனி சிரிக்கும்.

அந்தப் பழக்கம் கொழும்பில உதவுதா?

ஒரு நாளைக்கு உதவும். நல்ல வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்கிற நாள், காலி வீதியில் படிந்து கிடந்த ஒயிலும் தூசியும் தண்ணியோடு கலந்து வழுக்கத் தொடங்கும், மோட்டார் சைக்கிள்காரர் விழுவது அன்றைக்குத்தான். அந்த நாளில் என் கால் தானாக லேசாகிவிடும்.

மற்ற நாட்களில் உதவாது, உபத்திரவம்தான். ஸ்னோ பழக்கத்தில் முன்னால் நாலு கார் இடம் விட்டு ஓடுவேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் அப்படி இடம் விட்டால் அது இடமில்லை, அழைப்பிதழ். ஒரு ஓட்டோ வரும், அதற்கு முன்னால் இன்னொரு ஓட்டோ வரும், பிறகு பஸ் ஒன்று மூக்கை விடும், நான் அவர்களுக்கெல்லாம் திரும்ப இடம் விட்டு, விட்டு, பின்னுக்கே போய்க்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்து அம்மா கேட்பா, "தம்பி, நாங்கள் கொள்ளுப்பிட்டிக்கோ தெகிவளைக்கோ போறம்?"

திரும்ப அங்க ஓட விருப்பமா?

இல்லை.

சரி, ஒன்று சொல்லலாம். விடியப்புறம் மூன்றரைக்கு, இரவு முழுக்கக் கொட்டி ஓய்ந்த பிறகு, ஒரு சில்லடையாளமும் இல்லாத தெருவில் முதல் ஆளாகப் போகிறபோது, ஹீற்றர் சூடாகி, முடிக்க இன்னும் பத்துப் பேப்பர்தான் மிச்சம் என்றிருந்தால், அது நன்றாகத்தான் இருக்கும். ஒரு பனிக்காலத்துக்கு மூன்று, நாலு நாள் அப்படி வாய்க்கும். மிச்ச நாளுக்கு மேலே எழுதியதை வாசியுங்கள்.

அங்கயிருந்து என்ன கொண்டு வந்தனீங்கள்?

சொக்லேற் எல்லாம் முடிந்துவிட்டது. ஐஸ் சுரண்டுகிற மஞ்சள் நிறச் சுரண்டி ஒன்று சூட்கேசுக்குள் எப்படியோ வந்து சேர்ந்தது. அம்மா அதை எடுத்து வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சாமியறை விளக்குத் தட்டில் இறுகின எண்ணெய்ப் பிசுக்கை அதால்தான் சுரண்டுகிறா. நல்லா வேலை செய்யுதாம்.